இடப்பக்கத்து உலாவி

இடது பக்கம் மறுபடியும் ஜெயித்துவிட்டது.

திரையில் இரண்டு இணைய உலாவிகள் அக்கம்பக்கமாகத் திறந்திருந்தன. வலது, கம்பெனியின் சொந்தச் சரக்கு. இடது, போட்டிக் கம்பெனியுடையது. பார்க்கிறவர்கள் பெயரைப் பார்த்து மயங்கக் கூடாதென்று இரண்டின் பெயரும் சின்னமும் மறைக்கப்பட்டிருந்தன. இணையப் பக்கங்களை இயக்குகிற ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய ஒரே நிரலை இரண்டும் ஓட்ட வேண்டும். இடது ஓடி முடித்து ஓய்வெடுத்துக்கொண்டிருக்க, வலது இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

பந்தயத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் கம்பெனியின் பொறியாளர். கம்பெனி உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் பகுதி ஆரம்பத்திலிருந்தே அவர் கைவேலை. அதை மேலும் வேகமாக்குகிறேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லியே ஆபீசில் அவருக்கு 'வேகம்' என்று பெயர் விழுந்திருந்தது. மத்தியானம் மேனேஜர் வாடிக்கையாளர்களை அழைத்துவந்து இந்தப் பந்தயத்தைக் காட்டப் போகிறார். தோற்றால் வேகத்தின் குழுவையே கலைத்துவிடுவார்கள் என்று பேச்சு.

கணினி சூடேறியிருக்கும் என்று அணைத்து ஆறப்போட்டு, மறுபடி இயக்கிப் பார்த்தார். இடது முன்னைவிடச் சுறுசுறுப்பாக எழுந்தது.

சோதனைதான் சரியில்லை போலும் என்று, தன் உலாவிக்குக் கைவந்த கணக்குகளாகப் பொறுக்கியெடுத்துப் புதிதாக ஒரு சோதனை எழுதினார். அந்தக் கணக்குகள் இடதுக்குத் தண்ணி பட்ட பாடு. இடைவெளி இரண்டு மடங்கானது.

கடைசியில் மனசாட்சியைக் கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, இடப்பக்கத்து உலாவியில் கண்ட கண்ட பக்கங்களையெல்லாம் திறந்து சுமையேற்றினார். இரண்டும் இருப்பது ஒரே கணினியில் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை. இடது தள்ளாடியபடியே ஓட்டத்தை முடித்தது. வலது நடுவழியில் படுத்தேவிட்டது. மவுஸ்கூட அசைய மறுத்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார்.

வேகம் எதையும் மறைக்கவில்லை. சுமையேற்றியது உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டார். மேனேஜர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அவ்வளவு நல்லாவா இருக்கு அது?"

"எழுதினவன் லேசுப்பட்ட ஆள் இல்ல சார். எது தேவையோ அதை மட்டும் செஞ்சிருக்கான். நான் ஒரு வருஷமா மண்டையை உடைச்சுச் சேர்த்ததையெல்லாம் அவன் சேர்க்காமலே விட்டிருக்கான் போல. அதுக்கே தனி மூளை வேணும்."

"அப்ப அவனை இங்க இழுத்துடுவோம். என்ன கேட்டாலும் கொடுக்கலாம். ஆனா உங்களுக்கு மேலதான் அவனை உட்கார வைக்கணும். பரவாயில்லையா?"

மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்று வேகம் ஒரு கணம் யோசித்தார். பிறகு, அப்படிப்பட்டவனிடம் வேலை கற்றுக்கொள்வதில் தனக்கு வெட்கமில்லை என்று சொல்லிவிட்டார். சொன்னபின் மனம் லேசானதுபோல் இருந்தது.

காலையில் கணினியைத் தயார்செய்து கொடுத்த பெண், மேசைக்கடியில் ஏதோ ஒயரைச் செருகிக்கொண்டிருந்தாள். இடப்பக்கத்து உலாவியை எழுதியவன் யார் என்று உடனே விசாரித்துச் சொல்லும்படி மேனேஜர் அவளிடம் சொன்னார்.

அவள் தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"அவங்க உலாவி இந்தக் கணினியில ஏறவே இல்ல சார், அந்தப் பக்கம் காலியா இருக்க வேண்டாமேன்னு நம்மளோட போன வருஷத்துப் பதிப்பைத்தான் போட்டு வச்சிருக்கேன்."