இரண்டு குழுவுக்கும் ஒரே அண்ணாச்சி

வங்காளத் தலைநகரின் கரியாஹாட் கடைத்தெருவில் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் சேர்ந்து திட்டக்கூடிய மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் அட்மின் அண்ணாச்சி. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

1. கரியாஹாட்டை ஒட்டிய ஒரு சாலையில் பஸ்களுக்குத் தனித் தடம் ஒதுக்கிச் சோதித்துப் பார்க்க, இதே ஊரின் சால்ட் லேக் பகுதியில் இருக்கும் எங்கள் ஆலோசனை நிறுவனம் ஒரு வரைபடம் போட்டது. போட்டவர்களில் நானும் ஒருத்தி.

2. படம் வெளியே வருவதற்கு முன்பே இரண்டு வாட்ஸ்அப் குழுக்கள் பிறந்தன. ஒன்று, தடம் வேண்டும் என்றது. மற்றது, தடம் வந்தால் நடைபாதைக் கடைகள் போய்விடும் என்றது.

3. இரண்டிலும் யார் அட்மின் என்று அடிதடி.

4. கடைசியில், ஒன்றுக்கொன்று தெரியாமல், இரண்டும் ஒரே ஆளைத் தேர்ந்தெடுத்தன.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இட்லி மாவும் காபித்தூளும் விற்கிறார். கால்பந்தில் எந்தக் கிளப்பையும் சேராதவர். இந்த ஊரில் நடுநிலைக்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது. வங்காளிகள் அவரை ‘அண்ணாச்சி-தா’ என்பார்கள். ஒரே மூச்சில் இரண்டு மொழியிலும் அண்ணன்.

மாவு வாங்கப் போன என்னைக் கேட்காமலே இரண்டு குழுவிலும் சேர்த்துவிட்டார். “படம் போட்ட பிள்ளை நீதான? உள்ள கெடந்து பதில் சொல்லு” என்றார். அன்றிலிருந்து காலையில் ஒரு குழு என்னைக் கடைக்காரர்களின் எதிரி என்று சொல்லும். மாலையில் மற்றது கடைக்காரர்களிடம் விலைபோனவள் என்று சொல்லும். நடுவில் நான் மதியச் சாப்பாடு சாப்பிடுவேன்.

அண்ணாச்சி போட்ட சட்டம் ஒன்றுதான். வந்த செய்தியை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடக் கூடாது. உண்மை என்று நம்பினால் சொந்தக் குரலில், பேர் சொல்லி, எங்கே பார்த்தோம் என்றும் பேசி அனுப்ப வேண்டும்.

ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர், தடம் முழுக்க மந்திரிகளின் கார்களுக்குத்தான் என்று ஒரு செய்தியைப் போட்டார். குரலில் சொல்லுங்கள் என்றதும் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அண்ணாச்சி மிளகு ரசப்பொடி கொடுத்தனுப்பினார். தொண்டை கடைசிவரை சரியாகவில்லை. வக்கீல் ஒருவர் மட்டும், நடுவே தேநீர் உறிஞ்சும் சத்தத்தோடு, நீதிமன்றத்தில் வாதிடுவதுபோல அதையே பேசி அனுப்பினார். முழுவதையும் கேட்டுவிட்டு, எங்கே பார்த்தீர்கள் என்றார் அண்ணாச்சி. மைத்துனர் சொன்னார் என்றார் வக்கீல். அப்படியானால் மைத்துனர் பேசட்டும். மைத்துனரின் குரலை இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

இப்படியாகக் குழுக்களில் சண்டை மட்டும் மிஞ்சியது, புரளி ஓய்ந்தது. வம்பே அங்கேதான் வந்தது.

பூஜைப் பண்டிகைக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை காலை, புல்டோசர் ஒன்று கடைகளை நொறுக்கும் படமும், ‘நாளை நம் நடைபாதை’ என்ற வாசகமும் அண்ணாச்சியின் போனுக்கு வந்தன. இது உண்மையா என்று என்னிடம் கேட்க நினைத்தவர், கை தவறி இரண்டு குழுவிலும் போட்டுவிட்டு மாவரைக்கப் போய்விட்டார். மாதக்கணக்கில் ஒரு புரளியையும் உள்ளே விடாத அட்மினே அனுப்புகிறார் என்றால்? எல்லோரும் நம்பினார்கள்.

நான் அண்ணாச்சியின் சந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, எதிரே நடைபாதையில் படுக்கை விரிப்பு விற்கும் ஷெஃபாலி-தி, அதாவது ஷெஃபாலி அக்கா, தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பூஜைச் சரக்கு மொத்தமும் மூட்டையாகியிருந்தது. நடைபாதையில் ஒரு நாள் இடத்தை விட்டால் மறுநாள் அதில் வேறு ஒருவர் இருப்பார். அவருக்கு இருந்தது அந்த இடம் ஒன்றுதான். அப்படி உத்தரவே இல்லை என்று சொன்னேன். நீ ஆபீஸ்காரி, அப்படித்தான் சொல்வாய் என்று மூட்டையின் முடிச்சை இறுக்கினார்.

நான் உடனே ஐந்து அம்சங்களில் மறுப்பு எழுதி இரண்டு குழுவிலும் போட்டேன். இவ்வளவு அவசரமாக மறுக்கிறார்களே, உள்ளே ஏதோ இருக்கிறது என்று பதில் வந்தது.

“அந்தப் படத்தை அழிச்சிருங்க அண்ணாச்சி” என்றேன்.

“அழிச்சா உண்மைன்னுல்லா ஆயிரும். சட்டம் போட்டவன் நான். நானே பேசுதேன்.”

“உங்களுக்குத்தான் பெங்காலி வராதே?”

“யாவாரம் பண்ணுத அளவுக்கு வரும், போ.”

வந்தது அந்த அளவுக்குத்தான். மாவு படிந்த விரலால் போனை அழுத்திக்கொண்டு, கடையில் பழகிய பெங்காலியில் அவர் பேசியதன் சாரம் இது:

“நான் அண்ணாச்சி. காலையில நான் குடுத்த சரக்கு கெட்டுப்போனது. எங்க இருந்து வந்ததுன்னு எனக்கே தெரியாது. பாக்காம குடுத்தது என் தப்பு. யாரும் சாப்பிடாதீங்க, அடுத்த வீட்டுக்கும் குடுக்காதீங்க. கடைக்குத் திருப்பிக் கொண்டாங்க.”

படத்தைப் போனோடு கொண்டுவந்தார்கள். தடம் கேட்கிறவர்களும் கூடாது என்கிறவர்களும் அந்தச் சந்தில் வரிசையில் நின்று அவரைத் திட்டினார்கள். வக்கீல் திட்டும்போது வங்கி அதிகாரி சொல் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் அண்ணாச்சி தலையாட்டி, ஆமா, தப்புதான் என்றார். கடைசியாக ஷெஃபாலி-தி வந்து எல்லோரையும்விட நீளமாகத் திட்டினார். திட்டி முடித்துவிட்டுத் தார்ப்பாயைத் திரும்பக் கட்டப் போனார். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.

இன்றைய நிலவரம்: தடம் வரவில்லை. கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஷெஃபாலி-தியின் கடை அதே இடத்தில் இருக்கிறது. குழுக்கள் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கின்றன. அண்ணாச்சி கொடுத்த ராஜினாமாவை இரண்டுமே ஏற்கவில்லை. நான் இரண்டின் சத்தத்தையும் அணைத்து வைத்திருக்கிறேன். ஆனால் அண்ணாச்சியின் குரல் வந்திருந்தால், மாவு தயார் என்று சொல்வதற்காக இருந்தாலும், முழுவதும் கேட்கிறேன்.