குவித்த மரக்காலும் தீவுக் கணக்கும்

நெடுங்கரை என்றொரு நாடு இருந்தது. அங்கே விளைந்த நெல்லெல்லாம் அரசுக் களஞ்சியங்களுக்குப் போய், மாதாமாதம் வீடுகளுக்குத் திரும்பி வரும். ஒருநாள் பேரமைச்சர் நுண்மதியார், களஞ்சியக் கணக்கை இனிக் கடலுக்கு அப்பாலுள்ள தீவில் எழுதுவார்கள் என்று அறிவித்தார். அங்கே பாதிக் கூலிதான்.

அந்த வாரம்தான் வடிவு கணக்குப் பள்ளியில் தேறி வெளியே வந்தாள். கூடப் படித்த நாற்பது பேரோடு அமைச்சர் முன் போய் நின்றாள்.

"அனுபவம் உண்டா?"

"வேலை குடுத்தா வரும்ங்கய்யா."

"அனுபவம் இல்லாதவர்க்கு வேலை இல்லை என்பது சட்டம்," என்றார் அவர் கனிவாக. வேலையின்மையைப் போக்க, கணக்குப் பள்ளியில் இடங்களை இரட்டிப்பாக்கவும் அன்றே ஆணையிட்டார்.

ஆறாம் மாதம் தீவிலிருந்து ஓலை வந்தது: வந்த நெல் லட்சம் மரக்கால், கொடுத்தது லட்சம் மரக்கால், மீதி இல்லை. களஞ்சியங்களுக்கு முத்திரை வைத்தார்கள். மக்கள் ஒருவேளைதான் உண்ண வேண்டும் என்று ஓர் ஆணை வந்தது. பசியைப் பற்றிப் பேசக் கூடாது என்று இன்னொன்று. வடிவின் வீட்டில் கஞ்சி தண்ணீராகிவிட்டது.

நெல் கேட்டு வெறுங்கையோடு திரும்பியபோது, ஊர்க் களஞ்சியத்துச் சாளரத்தில் சிட்டுக்குருவிகள் கும்மாளமிடுவதைக் கண்டாள். ஒன்றுமில்லாத இடத்தில் இதுகளுக்கு என்ன வேலை? சட்டென்று விளங்கியது. நெடுங்கரையில் உழவர்கள் நெல்லைக் கொடுக்கும்போது மரக்காலைக் குவித்து அளப்பார்கள். அரசு திருப்பிக் கொடுக்கும்போது குவியலை வழித்துத் தலைதட்டி அளக்கும். தீவுக்காரர்களுக்கு இரண்டும் ஒரே மரக்கால். வழித்த குவியலெல்லாம் கணக்கில் ஏறாமல் உள்ளேயே கிடக்கும்.

நாற்பது பேருமாய்ச் சேர்ந்து அமைச்சரை இழுக்காத குறையாகக் களஞ்சியத்துக்கு அழைத்து வந்தார்கள்.

"கணக்கு சரி. உள்ளே நெல் இருந்தால், அந்த நெல்தான் தவறு," என்றார் அவர்.

"இருக்கட்டுங்கய்யா. அந்தத் தப்பை நாங்க சாப்பிட்டே தீத்துடறோம்," என்றாள் வடிவு.

வாசலில் நின்ற காவலனே சிரித்துவிட்டு முத்திரையை உடைத்தான். உள்ளே இரண்டு மாதத்து நெல் கிடந்தது.

மறுநாளே, களஞ்சியம்தோறும் கணக்கர் ஒருவர் நேரில் இருக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. அமைச்சர் அதைத் தம் சொந்த யோசனையாகவே வாசித்தார். வேலை கிடைத்த மகிழ்ச்சியில் யாரும் மறுக்கவில்லை.

ஆண்டு திரும்புமுன் தீவிலிருந்து ஒரு படகு வந்தது. இறங்கிய இளம்பெண், களஞ்சியத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வடிவிடம் வந்து தயங்கி நின்றாள்.

"உங்க கணக்கை எழுதினது நாந்தாங்க. இப்ப எங்க ஊர்க் கணக்கையே வேற தீவுக்கு அனுப்பிட்டாங்க. அங்க கால் கூலியாம்."

வடிவுக்குக் கோபம் வரத்தான் செய்தது. அந்த ஒட்டிய கன்னத்தைப் பார்த்ததும் அது நிலைக்கவில்லை.

"உங்க ஊர்ல மீனை எப்படி நிறுப்பீங்க?"

"வாங்கறப்ப ஈரத்தோட. குடுக்கறப்ப காயவச்சு."

"அந்தத் தீவுக்கு அது தெரியுமா?"

பெண் சற்று யோசித்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

"ஆறு மாசம் இங்க சாப்பிடு," என்று வடிவு பாயில் நகர்ந்து இடம் விட்டாள். "அப்புறம் உங்க ஊர்க்காரங்களே உன்னைக் கூப்பிட ஆளனுப்புவாங்க."