வாளி முதலாளி கேட்ட வரி

உலக வர்த்தகம் முழுவதும் என் மேசையில்தான் தீர்மானிக்கப்படுகிறது என்று நம்பிய ஒரே மனிதர் வாளி முதலாளி. நானோ திருகோணமலைத் துறைமுகச் சுங்கக் கந்தோரில் ஒரு சாதாரண கிளாக்கர். கொழும்பில் போட்ட வரியை வாங்கி, முத்திரை குத்தி, வெயில் தாழ்ந்ததும் சைக்கிளை எடுப்பவன். என் மனைவிகூட என்னை அவ்வளவு பெரிய ஆளாக நினைத்ததில்லை.

உட்துறைமுகப் பக்கம் அவருக்கு ஒரு தகரப் பட்டறை இருந்தது. நிலாவெளி மீனவர்களுக்கும் தம்பலகாமத்து வயல்காரர்களுக்கும் அங்கிருந்துதான் வாளி போகும். ஆறேழு வீடுகளில் அந்தப் பட்டறையை நம்பித்தான் உலை வைத்தார்கள். வெளிநாட்டுச் சாமான் லேசில் உள்ளே வராத காலம் அது. வாளிக்குப் போட்டியே இல்லை. ஆனால் வாளி செய்யத் தகரமும் இல்லை. பழைய மண்ணெண்ணெய்ப் பீப்பாக்களை வெட்டித்தான் அடித்தார். அந்த வாளியில் அள்ளிக் குளித்துவிட்டு நான் கந்தோருக்குப் போனால், பக்கத்து மேசைக்காரர் சிகரெட் பற்றவைக்கப் பயப்படுவார்.

வாராவாரம் வருவார். எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"தம்பி, வெளியில இருந்து வாற தகரத்துக்கு வரி வேண்டாம். வாளிக்கு வரி வேணும். இதில உங்களுக்கு என்ன விளங்கேல்லை?"

"முதலாளி, அது கொழும்பில முடிவெடுக்கிற விஷயம்."

"ஓம், ஓம். பெரிய ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்." கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போவார். நான் வாதாடுவதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

எழுபத்தேழில் ஆட்சி மாறியது. இறக்குமதிக்குக் கதவு திறந்தது. தகரம் வந்து இறங்கியது. வாளி முதலாளி கந்தோருக்கே கற்கண்டு கொண்டுவந்து எனக்கு நன்றி சொன்னார். மறுத்துப் பார்த்து, அலுத்து, வாங்கித் தின்றேன். பின்னாலேயே வெளிநாட்டு வாளியும் வந்தது. பளபளவென்று, அவர் தகரம் வாங்குகிற விலைக்கே.

"தம்பி, தகரத்துக்குக் கதவைத் திறக்கச் சொன்னனான்தான். ஆனா இவ்வளவு அகலமாத் திறக்கச் சொல்லேல்லையே!"

கற்கண்டை இனித் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

அந்த நேரம் கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி குறை கேட்க வந்தார். வாளிக்கு வரி வராவிட்டால் பட்டறையை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை. வாளி முதலாளி துணைக்குக் கிண்ணியா ஆணி நானாவைச் சேர்த்துக்கொண்டார். நானா ஆணி செய்து விற்பவர். வாளியின் காதைப் பொருத்தும் குட்டை ஆணி அவரிடமிருந்துதான் வரும். இருவரும் ஒரே குரலில் பேசுவதாக ஏற்பாடு. என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

"ஐயா, வெளிநாட்டு வாளிக்கு வரி போடுங்கோ" என்றார் வாளி முதலாளி.

"வெளிநாட்டு ஆணிக்கும் போடுங்க" என்றார் நானா.

வாளி முதலாளி திரும்பிப் பார்த்தார். "ஆணிக்கு ஏன் நானா? ஆணி மலிஞ்சாத்தானே என்ர வாளி மலியும்!"

"அப்ப வாளிக்கு மட்டும் ஏன்? என்ட பட்டறையில தண்ணி அள்ள எனக்கும் மலிவான வாளிதான் வேணும்!"

ஒரே குரல் அத்தோடு இரண்டாகி, பிறகு கத்தலாகியது. அதிகாரி தனக்குக் கொடுத்த இளநீரைக் குடித்து முடித்தார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம் என்றார். ஜீப்பில் ஏறினார். பெரிய பெரிய நாடுகளும் கூடி உட்கார்ந்து இதைத்தான் பேசுகின்றன என்று பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இளநீர்தான் ஞாபகம் வரும்.

வரி வரவில்லை. பட்டறை மூடியது. காலையும் மாலையும் தகரம் அடிக்கிற சத்தமில்லாத அந்த வீதியால் சைக்கிள் மிதிப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

நெடுநாள் கழித்து ஒரு காலையில் அவர் வந்து நின்றார். கப்பலில் வெளிநாட்டு வாளி வந்திருந்தது. இறக்குமதி செய்தவர் அவரே.

"என்ன செய்யிறது தம்பி. என்னோட வேலைக்கு நிண்ட பொடியள் சும்மா இருக்கிறாங்கள். நிலாவெளி, கட்டைபறிச்சான் எண்டு கொண்டுபோய் விக்கவாவது ஏதும் வேணுமே."

வரி எவ்வளவு என்று சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"இவ்வளவுதானோ? காணாது. கூடப் போடுங்கோ."

"முதலாளி, இது உங்கட சாமான்!"

"ஆரின்ர சாமானா இருந்தா என்ன? வெளிநாட்டு வாளியெல்லோ!"

"சட்டத்தில இல்லாததை வாங்க எனக்கு ஏலாது."

"அப்ப நீங்கள் இதில இருந்து என்ன பிரயோசனம்?"

மத்தியானம் வரை அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில் அந்தக் குறைந்த வரியைக் கட்டிவிட்டு, நான் ஏதோ அவரை ஏமாற்றிவிட்டதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாளிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

வரியைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சியவர்களைப் பார்த்தே சேவைக்காலம் முழுவதும் சலித்துப்போனவன் நான். கூட்டச் சொல்லி மன்றாடியவர் அவர் ஒருவர்தான். எனக்கு இருப்பதாக அவர் நம்பிய அந்த அதிகாரம், ஒரு நாளாவது எனக்கு இருந்திருக்கலாம். பட்டறை மூடுவதற்கு முதல் நாள்.