அந்த ஆமென் என்னுடையதல்ல

கர்த்தருக்குள் பிரியமான தம்பி டெல்மருக்கு,

மேக்கனிலிருந்து அண்ணன் ஹோரஸ் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி வெர்னெலும் உடம்பளவில் சுகம். அட்லாண்டாவில் நீ எல்லா அளவிலும் சுகமாய்த்தான் இருப்பாய், ஏனென்றால் அவமானமெல்லாம் என் தலையில் விடிந்திருக்கிறது.

நம் ஊர்ச் சடைமுடிப் பையன்களின் கிட்டார்க் கோஷ்டி உங்கள் ஊர் மேடையில் வாசித்ததைக் கைதட்டலோடு அப்படியே பதிந்து இசைத்தட்டாகப் போட்டிருக்கிறார்கள் அல்லவா? அதே கோஷ்டியின் இரைச்சலை வீட்டில் வைக்காதே என்று நான் கத்தப்போய்த்தான், என் மகன் கார்லிஸ் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினான்; உள்ளூரிலேயே இருந்தும் ஈஸ்டருக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. அந்தத் தட்டில் ஒரு பாட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடுகிறது. நடுவில் மேளம் நின்று கிட்டார் மட்டும் தனியே முனகும்போது, கூட்டத்தில் எவனோ அடித்தொண்டையில் "ஆஆஆ...மென்!" என்று இழுக்கிறான். நம் அப்பா இழுத்த அதே இழுப்பு. இந்த ஊரில் அப்படி இழுப்பது, ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்காரும் சபை மூப்பன் நான் ஒருவன்தான்.

முடிவெட்டப் போனால் டூலி கத்தரியை நிறுத்திவிட்டு, "மூப்பரே, போதகர் பிரசங்கத்துக்குக்கூட நீங்க இவ்வளவு உருகி ஆமென் போட்டதில்லையே!" என்கிறான். கச்சேரி நடந்த அன்றைக்கு ஆற்றங்கரையில் தனியாகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன் என்று உன் அண்ணியிடம் சத்தியம் செய்தேன். "அப்ப மீன் எங்க?" என்றாள். மீன் கடிக்கவில்லை, நான் என்ன செய்ய? "கல்யாணமான நாளா அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதாக்கும்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போதகரோ, "ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி எழுந்து விளக்கம் சொல்லுங்க, இல்லேன்னா மூப்பர் பொறுப்பை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார்.

டெல்மர், அப்பாவின் இழுப்பு இறங்கியது இரண்டே தொண்டைகளில். நான் போகவில்லை. அட்லாண்டாவில் இருப்பவன் நீ. இதற்குமேல் விளக்க வேண்டுமா? சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிடு. சபையில் நின்று ஒரே ஒரு தடவை இழுத்துக் காட்டினால் போதும், என் மானம் பிழைக்கும். உனக்குத்தான் பறிபோவதற்குப் பதவி எதுவும் இல்லையே.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உன் வீட்டையும், முக்கியமாக உன் தொண்டையையும் காப்பாராக.

இப்படிக்கு,
நிரபராதி அண்ணன்,
ஹோரஸ்

பின்குறிப்பு: வராதே. உறையை ஒட்டப்போகும்போது வாசலில் கார்லிஸ் வந்து நின்றான். அந்தக் கோஷ்டிப் பையன்களின் அதே சடைமுடி, கையில் அதே தட்டு. "அப்பா, இது நிஜமாவே நீங்கதானா? பசங்க எல்லாம் சொல்றாங்க, நான்தான் நம்பல" என்றான். அவன் என் முகம் பார்த்துப் பேசி எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? "நான்தான்டா" என்று சொல்லிவிட்டேன். இப்போது உள்ளே உட்கார்ந்து சோளரொட்டி தின்கிறான். உன் அண்ணி அழுதுகொண்டே வெண்ணெய் தடவிக் கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சபையிலும் நான்தான் என்றே சொல்லப்போகிறேன். பதவி போனால் போகட்டும். நீ சாகும்வரை வாயைத் திறக்காதே. அடுத்த கச்சேரிக்கு என்னையும் கூட்டிப்போகிறானாம். எந்த இடத்தில் ஆமென் போடவேண்டும் என்று உடனே விவரமாக எழுது.