மூச்சு விட்ட மகான்

ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு அலைந்தது. சாக்கடை எதுவும் உடையவில்லை. மகான் வந்திருந்தார்.

மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகையின் மேடையில் பீரோ அளவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. தினமும் மாலையில் மகான் அதற்குள் போய் உட்காருவார். கதவு இடுக்குகளை உதவியாளர் மெழுகால் அடைப்பார். ஒரு மணி நேரம் கழித்து மகான் சிரித்துக்கொண்டே வெளியே வருவார். "மூச்சை விட்டு இருபது வருஷம் ஆச்சு" என்பார். அப்புறம் முக்கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவார். பேச்சு மட்டும் எந்தக் காற்றில் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது எது? ஆக்ஸிஜன்! வெட்டி வச்ச ஆப்பிளைக் கறுக்க வைக்கிறது எது? ஆக்ஸிஜன்! உங்க தலையை நரைக்க வைக்கிறது எது?"

"ஆக்ஸிஜன்!" என்று கொட்டகை அதிரும். அப்படி அதிரவைக்கவும் ஆக்ஸிஜன்தான் செலவாகிறது. போகட்டும்.

முதல் படிச் சீடர்களுக்கு மூக்கில் துணி கிளிப். மகான் கைபட்ட கிளிப், வாசலில் விற்கும். மூக்கை அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்கினார்கள். அதற்குப் பெயர் பயிற்சி. இரண்டாம் படிச் சீடர்கள் வாயையும் மூடுவார்கள். சற்று நேரத்தில் தொப்பென்று விழுவார்கள். அதற்குப் பெயர் அருள். பெட்டிக் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படியும்போதெல்லாம் உதவியாளர் மைக்கில் அலறுவார்: "அருள் பனி!" ஜனம் கைகூப்பும்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவுகிறவளை ஊரில் லேப் அக்கா என்பார்கள். அவள் புருஷன் பஸ் டிரைவர். வெகுநாளாக இழுப்புக்காரர். ஒருநாள் காலையில் அவரும் மூக்கில் கிளிப்போடு வந்து நின்றார்.

"என்னங்க இது கோலம்? இன்ஹேலர் எங்க?"

"பகான் காலடில போட்டுட்டேன்." மகான் என்றுதான் சொல்ல வந்தார்; கிளிப் விடவில்லை.

"போட்டுட்டீங்களா?"

"அது விஷத்தை உள்ள இழுக்கிற கருவியாம். உனக்கு என்ன தெரியும்?"

வேலைக்குக் கிளம்புமுன் அவருக்கு இழுப்பு வந்தது. விலா எலும்புக்கு இடையே தோல் குழிந்தது. உதடு கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. அப்போதும் மனுஷன் கையாட்டினார், 'அருள் வருது, கிட்ட வராதே' என்பதுபோல. லேப் அக்கா கிளிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் மருந்துக்கடைக்கு ஓடினாள். புது இன்ஹேலரை அவர் வாயில் திணித்து அழுத்தினாள். நிறம் திரும்பியது. புத்தி திரும்பவில்லை. சாயங்காலமே வேறு கிளிப் வாங்கி மாட்டிக்கொண்டு கொட்டகையின் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

பின்னாலேயே லேப் அக்காவும் போனாள். பையில் ஒரு பெரிய பாட்டில், இரண்டு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கட்டு உறிஞ்சு குழல். நேரே மேடையேறினாள்.

"ஐயா, இது சுண்ணாம்பு கரைச்சுத் தெளிய வச்ச தண்ணி. மூச்சுக்காத்து பட்டா வெளுக்கும். நீங்கதான் மூச்சே விடறதில்லையே! ஒரு தட்டை உங்க பெட்டில வைக்கிறேன். இன்னொண்ணை அந்தப் பெட்டில வைக்கிறேன். உங்க பெருமை ஊருக்கே தெரியட்டும்."

அவள் காட்டிய பெட்டி பக்கத்திலேயே இருந்தது. அதே அளவு, அதே கண்ணாடி. உள்ளே மகானின் ஆளுயரப் படம்.

உதவியாளர் விழித்தார். வேண்டாம் என்றால் கூட்டம் பார்க்கிறது. ஆய்வகப் பக்கமே எட்டிப் பார்க்காத மகானோ பெருந்தன்மையாகச் சொன்னார்: "வை தாயே."

இரண்டு பெட்டியையும் மெழுகால் அடைத்தார்கள். ஒரு மணி நேரம் போனது. திறந்தார்கள். படத்தின் முன்னால் இருந்த தண்ணீரில் தூசி விழுந்ததுபோல் ஏதோ கொஞ்சம்; தட்டின் அடி பளிச்சென்று தெரிந்தது. மகான் முன்னால் இருந்ததிலோ வெள்ளை வெளேரென்று ஆடை கட்டியிருந்தது.

உதவியாளர் மைக்கைப் பிடித்தார்.

"அற்புதம்! தண்ணி பாலாயிடுச்சு!"

கூட்டம் அப்படியே தரையில் விழுந்தது. லேப் அக்காவுக்குத் தலை சுற்றியது. கையும் களவுமாகப் பிடித்தால், களவையே கும்பிடுகிறார்களே!

பாட்டிலில் மிச்சமிருந்ததில் கொஞ்சத்தை டம்ளரில் ஊற்றினாள். குழலைப் போட்டுப் புருஷன் முன்னால் நீட்டினாள்.

"ஊதுங்க."

"எல்லாரும் பாக்கிறாங்கடி..."

"ஊதுங்கன்னா ஊதுங்க!"

ஊதினார். குமிழி வந்தது. தண்ணீர் கலங்கியது, வெளுத்தது, பாலானது.

"பாத்துக்குங்க, என் வீட்டுக்காரரும் மகான்தான். நாளைக்கு மகான்தான் பஸ் ஓட்டுவாரு!"

ஒவ்வொரு தடவையும் டம்ளரில் புதுத் தண்ணீர், ஆளுக்கொரு குழல். தையல்காரர் எழுந்து வந்து ஊதினார். பால். காய்கறிக்காரம்மா ஊதினாள். பால். பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரரும் தொப்பியைக் கழற்றிவிட்டு ஊதினார். அவருக்கும் பால். கொட்டகை முழுக்க மகான்கள்.

"அப்ப இவரு உள்ள மூச்சு விட்டாரா?" என்றார் தையல்காரர்.

"பின்ன? பீரோ நிறையக் காத்து இருக்கே, ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் தாராளம். மூச்சை விட்டேன் விட்டேன்னாரு. விட்டுக்கிட்டேதான் இருந்திருக்காரு!"

டிரைவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இழுத்தது வெறும் காத்துதானே? வெளிய வரும்போது ஏன் இப்படி வெளுக்க வைக்குது?"

பதினெட்டு வருஷம், வருஷத்துக்கு நாலு வகுப்பு. குழாய் கழுவிக்கொண்டே எழுபத்திரண்டு தடவை கேட்ட பாடம் அவளுக்கு. "உங்க வண்டி மாதிரிதாங்க. டீசல் ஊத்தினா மட்டும் ஓடுமா? காத்தும் போகணும்ல? உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லும் ஒரு குட்டி இன்ஜின். சாப்பாடு டீசல். ஆக்ஸிஜன் சேர்ந்தாத்தான் அதுலேருந்து முழு சக்தி வரும். மிச்சம் தண்ணியும் கரியமில வாயுவும். சுண்ணாம்புத் தண்ணியை வெளுக்க வைக்கிறது அந்த வாயுதான். நீங்க ஊதினது உங்க சைலன்சர் புகை. சரி, இன்ஜினுக்குக் காத்து போற குழாயை அடைச்சா என்ன ஆகும்?"

"நின்னுடும்" என்றார் டிரைவர், தொழில் சுத்தமாக. சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. மெதுவாகக் கையை உயர்த்தி, மூக்கிலிருந்த கிளிப்பைக் கழற்றினார். யாரையும் பார்க்கவில்லை. "அந்த இன்ஹேலரை எடுத்துட்டு வந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"பெட்டியெல்லாம் வேணாம்" என்று காய்கறிக்காரம்மா மகானிடம் போனாள். "உங்க மூக்கையும் வாயையும் நான் பொத்துறேன். அஞ்சே நிமிஷம்!"

மகான் பின்வாசல் வழியாக ஓட்டமெடுத்தார். மூன்றாவது தெருவில் போலீஸ்காரர் மடக்கியபோது, இருபது வருஷத்துக்கும் சேர்த்து வாங்குவதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஊருக்கு மரியாதை. மறுநாள் காலையில் கொட்டகை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கையில் மாலை.

"அவருதான் ஓடிட்டாரே, யாருக்கு இது?" என்றாள் லேப் அக்கா.

"படத்துக்கு! அதுதான் நேத்து நிஜமாவே மூச்சு விடலயே!"

நாம் இழுக்கிற ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கை மூளை ஒன்றே தின்று தீர்க்கிறதாம். தின்கிற பங்குக்கு ஒரு நாளாவது அதை வேலை செய்ய விடுங்களேன் ஐயா, துருவெல்லாம் பிடிக்காது.