லென்ஸில் இல்லாத சிவப்புப் பொட்டு

சத்தியம், சத்தியம், முச்சத்தியம்! இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் என் பல்செட் டம்ளரிலிருந்து எழுந்து வந்து என்னையே கடிக்கட்டும். நீ கூட இருந்து பார்த்தாயா என்று கேட்காதீர்கள். மாடியில் குடியிருப்பவனுக்குக் கீழ்வீட்டு விஷயம் தானாகப் படியேறி வரும்.

கீழ்வீட்டில் ஒரு போட்டோக்காரர். தெருமுனையில் ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம் எடுத்தே பாதி ஊரைச் சிரிக்கவிடாமல் பண்ணியவர். அவர் மனைவி பொம்மை வீட்டுக்கு மரச்சாமான் செய்கிறவள். கட்டைவிரல் உயரத்தில் நாற்காலி, தீப்பெட்டி அளவில் கட்டில்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. தொழில் சாமான் வாங்குவதென்றால் ஒரு முறை அவர், ஒரு முறை அவள். முறை தாண்டினால் அடுத்த இரண்டு முறையும் பறிபோகும். சட்டம் போட்டவர் போட்டோக்காரர்தான். சட்டம் போடுகிறவன் எவன் தனக்கும் சேர்த்துப் போடுகிறான்?

பொம்மைக்கடை அம்மாள் ஒருநாள் படம் கேட்டு ஆள் அனுப்பினாள். சேதியை மனைவி புருஷனிடம் சொன்னாள்.

"நாற்காலி பெரிசாத் தெரியணுமாம். பார்த்தா உட்காரணும்போல இருக்கணுமாம். பின்னாடி ரூமும் முழுசா வரணுமாம்."

"கிட்டப் போனா ரூம் கரைஞ்சுடும். தள்ளி நின்னா நாற்காலி எறும்பாயிடும். ரெண்டும் வேணும்னா, மூக்கு உரசற அளவு கிட்டப் போயும் அகலமாப் பார்க்கற வைட் லென்ஸ் வேணும்மா."

"இருக்கிற வைட் லென்ஸுக்கு என்ன கேடு?"

"ஒரு முழத்துக்குள்ள வந்தா அதுக்குக் கண்ணு தெரியாது."

"முறை யாரோடது?"

போட்டோக்காரர் கூரையைப் பார்த்தார். "உன்னோடது."

"அப்ப முதல்ல என் மோட்டார் ரம்பம் வரட்டும். அப்புறம் உங்க மூக்கு உரசட்டும்."

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டுகிற வளையம் ஒன்று அவரிடம் கிடந்தது. மாட்டினால் லென்ஸ் கிட்டப் போகும். போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. நாற்காலி கண்ணாடியில் முட்டியும் தெளிவு வரவில்லை. தெளிவாகத் தெரிகிற இடம் கண்ணாடியைத் தாண்டி லென்ஸின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னும் கொஞ்சம் தள்ளினார். 'டக்'.

"என்னங்க, படம் எடுக்கறீங்களா, விறகு பொளக்கறீங்களா?"

இரண்டாவது நாற்காலியும் முதுகொடிந்ததும் அவர் நேராகக் கேமரா கடைக்குப் போனார்.

"அண்ணே, வைட் லென்ஸுக்கு அந்த வளையம் ரொம்பத் தடிமன்," என்றான் கடைக்காரன். "நீள லென்ஸ் எடுத்தா நாற்காலி ஜோரா வரும், ஆனா ரூம் கூழாயிடும். இதைப் பாருங்க. வைட்டுதான், ஆனா விரல்கடை தூரத்துலயும் பார்க்கும்."

கையில் வாங்கினார். கீழே வைக்க மனசு வரவில்லை. அப்புறம் என்ன, பெட்டியை அலமாரி மேல் ஒளித்துவிட்டு மனைவியிடம் சொன்னார்: "அந்த வளையத்தையே அரத்தால ராவி மெலிசாக்கிட்டேன். பழைய லென்ஸே போதும்."

"அட! கைகாரர்தான்," என்றாள் அவள்.

ஜன்னல் பக்கத்து மேசையில் நாற்காலியை வைத்து எடுத்தார். பாருங்கள், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரர், "இது எங்க வாசல்ல நுழையுமா?" என்று கேட்டு அளவு நாடாவோடு வந்தார். நான் பார்த்தேன்.

மனைவியும் பார்த்தாள். நாற்காலியை அல்ல.

"பின்னாடி அலமாரி மேல ஒரு வெள்ளைப் பெட்டி தெரியுதே?"

"அது... பழைய செருப்புப் பெட்டி."

"செருப்பு ஏன் அவ்வளவு உசரத்துக்கு ஏறுச்சு?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நீள லென்ஸ் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி, தனக்கு வேண்டியதை மட்டும் பார்க்கும். வைட் லென்ஸ் மாமியார் மாதிரி, அலமாரி மேல், கட்டில் கீழ், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வாயையும் திறக்கும். பெட்டியை ஸ்டுடியோவுக்குக் கடத்தினார். அதன்பிறகு எல்லாப் படத்தையும் வெறும் சுவரைப் பார்த்தே எடுத்தார். சுவருக்கு ஏது வாய்?

அடுத்த வாரம் அவள் ஒரு சாமானைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளங்கையில் அடங்குகிற அலங்கார மேசை. நடுவில் நிலைக்கண்ணாடி. ஓரமெல்லாம் வெண்ணெயில் கத்தி போட்டாற்போல.

"கையாலயா அறுத்தே?"

"கை இல்லாம எப்படிங்க அறுக்கறது? நேரா வச்சு எடுங்க. கோணலா எடுத்தா கண்ணாடி வெறிச்சுன்னு இருக்கும்."

நேராக வைத்தார். லென்ஸைக் கண்ணாடியின் முகத்தருகே கொண்டுபோனார். அவர் கண்ணெல்லாம் இழுப்பறைக் குமிழில். கடுகளவு குமிழில் மரத்தின் ரேகைகூடத் தெரிந்தது. நெஞ்சை நிமிர்த்திப் படத்தைக் காட்டினார்.

அவள் குமிழைப் பார்க்கவில்லை. நிலைக்கண்ணாடிக்குள் லென்ஸின் முகம் முழு நிலவாக விழுந்திருந்தது.

"என் நெயில் பாலிஷ் எங்கங்க?"

பழைய லென்ஸின் முன்விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தபோது, அந்த இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்து மூடியவள் அவள்தான். படத்தில் பொட்டும் இல்லை, சில்லும் இல்லை. பளபளவென்று புது மாப்பிள்ளை முகம்.

"அது... வளையத்தை ராவும்போது போயிருக்கும்."

"வளையம் மாட்டறது பின்னாடி. பொட்டு இருக்கறது முன்னாடி."

போட்டோக்காரர் கேமராவைக் கீழே வைத்தார். "முறை தாண்டிட்டேம்மா. தப்புதான்."

"சட்டம்?"

"அடுத்த ரெண்டு முறையும் உனக்கு."

"நல்லது," என்று அவள் ஜன்னலுக்குக் கீழே போர்த்தியிருந்த பழைய போர்வையை உருவினாள். உள்ளே மோட்டார் ரம்பம். பல்லெல்லாம் மரத்தூள்.

"இது எப்ப வந்துச்சு?"

"நீங்க லென்ஸ் வாங்கறதுக்கு முந்தியே. நீங்க ஸ்டுடியோவுக்குப் போனதும் அறுப்பேன்."

அவர் முகத்தில் விளக்கு எரிந்தது. "அப்படின்னா உன் முறை முடிஞ்சுபோச்சே! லென்ஸ் என் முறையில வாங்கினதுதானே! நான் தாண்டவே இல்லையே!"

"தாண்டலதான். ஆனா ஒத்துக்கிட்டீங்களே. ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதுதான்."

"ஒளிச்சு வச்சது அநியாயம்!"

"யாரு ஒளிச்சா?" அவள் முதல் நாற்காலிப் படத்தை எடுத்து நீட்டினாள். ஒரு மூலையில் ஜன்னல். அதன் கீழே போர்வை. போர்வைக்கு வெளியே ஒரு முழம் மின்சார ஒயர். "அகலமா எடுக்கறீங்க. அகலமாப் பார்க்கத்தான் மாட்டேங்கறீங்க."

அவ்வளவுதான் கதை. யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். போட்டோக்காரரை நான் சமாளித்துக்கொள்வேன். அந்த அம்மா இப்போது இரண்டாவது ரம்பம் வாங்கிவிட்டாள்.