வாரத்துக்கு ஒரு நாள் ஓடும் கார்

பாரிவாக்கம் திருப்பத்தைத் தாண்டியதும் கார் இரண்டு தடவை விக்கியது. மூன்றாவது தடவை விக்காமலே நின்றுவிட்டது.

உலகநாதன் சாவியைத் திருகினார். எஞ்சின் லேசாக இருமிவிட்டு அடங்கியது. பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டுக்கும் கீழே போய்ப் படுத்திருந்தது.

"பெட்ரோல் இல்லீங்க," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி லோகநாயகி.

"போன ஞாயித்துக்கெழமதான ஊத்துனேன்? பூந்தமல்லி போய்ட்டு வந்தோம், அதோட சரி. மீதி நாளெல்லாம் வாசல்ல சும்மா நின்னுகினுதான கீது? நிக்கற கார் எப்பிடி பெட்ரோல் குடிக்கும்?"

"அத்த அப்பறம் யோசிக்கலாம். நான் எறங்கி தள்றேன். நீங்க ஸ்டீரிங்க புடிங்க."

பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் இறங்கினாள். பூந்தமல்லியில் உலகநாதனின் தங்கை நாகவல்லி வீட்டில் அன்றைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் காது குத்தவேண்டும். ஒரு தண்ணி லாரி கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் விட்டபோது, குழந்தை வேறு யாரோ ஒரு மாமன் மடியில் அழுது ஓய்ந்து, தூங்கியும் போயிருந்தது. பந்தியில் ரசம் மட்டும் மிச்சம்.

நாகவல்லி அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணியிடம்தான் கேட்டாள். "காரு வாங்குனது சீக்கிரம் வர்றதுக்கா, லேட்டா வர்றதுக்கா அண்ணி?"

அன்றைக்குத்தான் உலகநாதனுக்குள் அந்த மைலேஜ் பூச்சி புகுந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட்டு செய்யும் ஒரு கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். வீடு ஆவடி கோவில்பதாகையில். வேலைக்கு மின்சார ரயிலில்தான் போவார். காருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் டியூட்டி. அண்ணா நகர் கண் டாக்டர் ஒருவர் பழகிக் கழித்த சின்ன மஞ்சள் கார் அது. வாங்கும்போதே ஸ்பீடோமீட்டர் முள் செத்துக் கிடந்தது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டும் எண்களும் அசையாது. "கோவில்பதாகையிலேந்து பூந்தமல்லி எவ்ளோ தூரம்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு எதுக்கு ஒரு மீட்டரு?" என்று அதை அவர் ரிப்பேர் செய்யவில்லை.

சிக்கனத்தில் அவருக்கு ஒரு பக்தியே உண்டு. ஹாரன் அடித்தாலும் பெட்ரோல் செலவாகும் என்று நம்பி, வழியில் படுத்திருக்கும் மாட்டைக்கூட ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி "ஏய், ஏய்" என்று வாயாலேயே எழுப்புவார். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த கார், அவர் போட்ட கணக்கில், லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்தான் தருகிறது. அதே மாடல், அதே வருஷத்துக் கார் வைத்திருக்கும் கம்பெனி பாஸ்கரன் தினமும் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்கும்போதே, "என்து பதினெட்டு குடுக்குது சார்," என்பான். அந்தப் பதினெட்டு உலகநாதனுக்குச் சோற்றில் கல் மாதிரி கடிபடும்.

அடுத்த ஞாயிறு பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மெக்கானிக் உஸ்மான் கனியின் ஷெட்டில் கார் நின்றது. இருவரும் ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சு. உஸ்மான் கனி காருக்கு அடியில் படுத்து, எழுந்து, முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒழுகல நைனா," என்றான்.

"அப்ப எங்கதான் போவுது?"

"வெயில்ல நிக்கிதுல்ல, ஆவியா போயிருக்கும்."

"ஒரு டேங்கு பெட்ரோலு ஆவியா போவுமா பாய்?"

"போவாதுதான்," என்று உஸ்மான் கனி தாடையைச் சொறிந்தான். "சரி, கார்பரேட்டர்ல பெட்ரோல கொஞ்சம் கம்மி பண்ணி வெக்கிறேன். பாப்போம்."

கம்மி பண்ணியதில் கார் பெட்ரோல் குடிப்பது குறைந்ததோ இல்லையோ, கிளம்புவது குறைந்தது. ஞாயிறு காலையில் தெருவே சேர்ந்து தள்ளினால்தான் எஞ்சின் கண் விழிக்கும். எதிர்வீட்டு பால்ராஜ் குடும்பத்தோடு எப்போதும் சர்ச்சில் இரண்டாவது பூசைக்குப் போகிறவர். இப்போது விடிவதற்குள் முதல் பூசைக்கே கிளம்பிவிடுகிறார். "பக்தி ஜாஸ்தியாயிடுச்சி போல," என்றார் உலகநாதன்.

வண்டியின் பாரத்தைக் குறைத்தால் மைலேஜ் ஏறும் என்று யாரோ சொன்னார்கள். உலகநாதன் பின் சீட்டைக் கழற்றி வராண்டாவில் போட்டார். ஸ்டெப்னி டயர் கட்டிலுக்கு அடியில் போனது. ஜாக்கி சமையலறைக்குப் போய், இட்லி அரிசி மூட்டைக்கு முட்டுக் கொடுத்தது.

நாகவல்லியைச் சமாதானப்படுத்தக் கோயிலுக்கு அழைத்துப் போன அன்று, அவள் பின்னால் கோரைப்பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் தலை கூரையில் இடித்தது. "அண்ணே, இது காரா, கோழிக் கூண்டா?" என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே டயர் பஞ்சர். ஸ்டெப்னி கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. கரையான்சாவடியில் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள்.

"நான் ஒரு விஷயம் சொல்லணும், கோவப்படாம கேக்கறீங்களா?" என்று பஸ்ஸில் ஆரம்பித்தாள் லோகநாயகி.

"கார பத்தியா?"

"ஆமா."

"அப்ப சொல்லாத. உங்கப்பாரு லாரி ஓட்னாருன்றதுக்காக உனுக்கு எல்லாம் தெரிஞ்சிடுமா? லாரி வேற, கார் வேற. டெக்னிக்கலு லோகு, உனுக்குப் புரியாது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த டெக்னிக்கல், இறக்கத்தில் எஞ்சினை அணைப்பது. சின்னச் சரிவு வந்தாலும் உலகநாதன் கியரை நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருகி, இறங்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொள்வார். சரிவு முடிந்ததும் எஞ்சினைக் கிளப்பி, ஓடுகிற வேகத்திலேயே கியரைத் திணிப்பார். கர்ர்ர் என்று காருக்குள் எலும்பு உடையும். வேகம் எடுப்பதற்கு முன்பே நாலாவது கியருக்கும் போய்விடுவார். கார் காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கிக்கொண்டே நகரும்.

கொஞ்ச நாளில் இரண்டாவது கியர் தானாகக் கழன்று வெளியே குதிக்க ஆரம்பித்தது. லோகநாயகி வலது கையால் கியர் கம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு வருவாள். அவள் பிடித்தால் மட்டும் அது அடங்கிக் கிடந்தது. கூடவே இன்னொரு தொல்லை. ஞாயிற்றுக்கிழமை ஏறி உட்கார்ந்தால் டிரைவர் சீட் முன்னால் போயிருக்கும், அவருடைய முட்டி ஸ்டீரிங்கில் இடிக்கும். "சீட்டு லாக்கும் போச்சி," என்று பின்னால் தள்ளிக்கொள்வார்.

"கியர் ஆயில் கெட்டியா ஊத்துங்க சார், சத்தமும் வராது, கழலவும் கழலாது," என்றான் பாஸ்கரன். உலகநாதன் லாரிக்கு ஊற்றும் ஆயிலை வாங்கிவந்து தன் கையாலேயே ஊற்றினார். பாஸ்கரன் சொன்னது உண்மைதான். கியர் கழலவில்லை. விழவும் இல்லை. இட்லிக்கு அரைக்கிற குழவியைப் பிடித்து ஆட்டுவதுபோல இரண்டு கையாலும் கம்பை இழுத்தார். அந்த நேரத்தில் ஸ்டீரிங்கை லோகநாயகி எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

மறுபடியும் உஸ்மான் கனி. ஆயிலை வடித்து ஒரு தகரத்தில் பிடித்தான். தொட்டு விரலில் தேய்த்தான். கிளட்சையும் பிரித்துப் பார்த்தான். முகம் மாறியது.

"நைனா, மெய்யாலுமே வாரத்துக்கு ஒரு நாள்தான் ஓட்றியா?"

"ஆமா. ஏன்?"

"கிளட்ச் தட்டு இப்பிடி தேஞ்சிகீது. கியர் பல்லெல்லாம் அடி வாங்கிகீது. தெனம் ஓட்ற டாக்சி மாதிரி கீது பா."

உலகநாதனின் மூளையில் ஏதோ ஒரு பல்சக்கரம் தப்பான இடத்தில் மாட்டியது. "தெனம் ஓட்றது யாரு பாய்? கார உன் ஷெட்ல உட்டுட்டுப் போறனே, அப்ப யாரு ஓட்றாங்க? உன் ஆளுங்கதான?"

உஸ்மான் கனி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். கையைத் துணியில் நிதானமாகத் துடைத்தான்.

"கிளட்ச் மாத்தி வெக்கிறேன். சாயங்காலம் வந்து எடுத்துகினு போயிடு. அப்பறம் இந்தப் பக்கம் வராத."

அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கு வழக்கம்போல பிரியாணி வந்தது. உஸ்மான் கனி வரவில்லை. அவன் மனைவி நசீம் பானுதான் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, லோகநாயகியோடு சமையலறையில் ரொம்ப நேரம் குசுகுசுவென்று பேசிவிட்டுப் போனாள். உலகநாதன் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். அடுத்த வாய் எடுக்கவில்லை.

"உப்பு கம்மியா?" என்றாள் லோகநாயகி.

"இல்ல. பாய் இருந்தா எலும்பெல்லாம் என் எலையில தள்ளிடுவான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வெங்காயம் எதுவும் அங்கே இல்லை.

பெட்ரோல் போவது மட்டும் நிற்கவில்லை. டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டார். சாவியைத் தொலைத்துவிடுவோம் என்று பயந்து மனைவியிடம் கொடுத்து வைத்தார். அப்போதும் போனது. கடைசியில் ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, வராண்டாவில் கிடந்த பின் சீட்டில் உட்கார்ந்து காலையிலிருந்து காரையே பார்த்துக்கொண்டிருந்தார். காக்காய்கூடக் கிட்டே வரவில்லை. பக்கத்துத் தெரு வனஜாவும் இன்னும் இரண்டு பெண்களும் வாசல் வரைக்கும் வந்தார்கள். அவரைப் பார்த்ததும் தயங்கி, "நாளைக்கு வர்றோம்க்கா," என்று திரும்பிவிட்டார்கள். லோகநாயகியிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர்களாக இருக்கும். சாயங்காலம் பெட்ரோல் முள் காலையில் நின்ற இடத்திலேயே நின்றது.

"பாத்தியா? நான் காவல் இருந்தா திருடன் வரல," என்றார்.

"வரமாட்டான்தான்," என்றாள் லோகநாயகி.

அடுத்த ஞாயிறு முள் மறுபடி படுத்திருந்தது. உலகநாதன் சட்டையை மாட்டிக்கொண்டார். "வித்துட்றேன் லோகு. பூந்தமல்லி அரிசி மண்டிக்காரர் ஒருத்தர் கேட்டுகினு கீறாரு. இந்த வண்டியால தங்கச்சி பேசறதில்ல, பாய் பேசறதில்ல, எதுத்தூட்டுக்காரரு என்னப் பாத்தாலே ஓடறாரு. பாஸ்கரன் மட்டுந்தான் பேசறான். அவன் பேச்சதான் தாங்க முடியல."

லோகநாயகி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "விக்கக் கூடாது."

"ஏன்?"

"கூடாது. மொதல்ல உஸ்மான் பாய பாருங்க. அவுரு மேல அநியாயமா பழி போட்டுட்டீங்க. மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. அப்பறம் மத்தது பேசலாம்."

"அவன் எடுக்கலன்னு உனுக்கெப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை அடக்கியது. உண்மையில் அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. கௌரவம் பார்த்துக்கொண்டு, யாராவது தள்ளிவிட மாட்டார்களா என்று காத்திருந்தார்.

பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். லோகநாயகி மடியில் ஒரு தூக்கு நிறைய பாயசம். பாயிடம் என்ன சொல்வது என்று உலகநாதன் வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். ‘பாய், நான் ஒரு முட்டாளு.’ வேண்டாம், ரொம்ப ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ‘பாய், தப்பு ரெண்டு பக்கமும்.’ அதுவும் சரியில்லை, அவன் பக்கம் தப்பே இல்லை.

பருத்திப்பட்டு ஏரிக்கரை வந்தது. பழக்கதோஷம், சரிவைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்தார். கீழே வந்து கிளப்பி, இரண்டாவது கியரைத் திணித்தார். கர்ர்ர். மறுபடி திணித்தார். கர்ர்ர்ர். கார் ஒரு குதி குதித்து, சாலையோரம் இருந்த வெற்று மைதானத்தின் ஓரமாகப் போய் நின்றது.

அந்த மைதானத்தைப் பார்த்ததும் லோகநாயகி ஏனோ தூக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சீக்கிரம் எடுங்க. இங்க நிக்க வேணாம்."

"நானா நிக்கிறேன்? வண்டி நிக்கிது!" கர்ர்ர்.

"தள்ளுங்க, நான் எடுக்கறேன்."

"நீ எடுக்கறியா?" என்று அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "லோகு, இது டெக்னிக்கலு."

மைதானத்தின் கோடியில், புங்க மரத்தடியில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண், மஞ்சள் காரைப் பார்த்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். லோகநாயகி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள், கண்ணைக் காட்டினாள், தலையை அசைத்தாள். வந்தவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. டிரைவர் சீட் பக்கம் குனிந்து உலகநாதனை ஏற இறங்கப் பார்த்தாள். இன்னொரு கர்ர்ர்ரைப் பொறுமையாகக் கேட்டாள்.

"பயப்படாத நைனா, கிளட்ச முழுசா மெரிச்சிகினு போடு. மொத நாளு எல்லாருக்கும் இப்பிடித்தான் கத்தும்," என்று அவர் தோளைத் தட்டினாள்.

உலகநாதன் வாயைத் திறந்தபடி மனைவியைப் பார்த்தார். லோகநாயகி பாயசத் தூக்கைப் பார்த்தாள்.

கூடைக்காரி இரண்டு வெள்ளரிப்பிஞ்சைக் கீறி, உப்பு மிளகாய்த்தூள் தூவி ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"இன்னா யக்கா, தெனம் பொம்பளைங்களுக்கு மட்டுந்தான ஓட்டக் கத்துக் குடுப்பே, இப்ப ஆம்பளைங்களயும் சேத்துக்க ஆரமிச்சிட்டியா?"